ஐந்து ராத்தல் குறைச்சல்

எங்கள் வீட்டில் யாரையும் மதிக்கிற பழக்கம் கிடையாது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைத் திருநீறு பூசவும் பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கவும் பழக்குவார்கள். எங்கள் அம்மாவிடமிருந்து நாங்கள் பழகியது உதட்டைப் பிதுக்குவது. உட்கார வைத்தெல்லாம் அவள் கற்றுக்கொடுக்கவில்லை. காலையில் பல் தேய்த்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை யாரைப் பற்றியாவது உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பாள், அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் யாராவது எதிரே உட்கார்ந்து தன் மகனின் உத்தியோகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் கீழுதடு தானாக வெளியே வந்துவிடுகிறது. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

வீடு குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மாவைப் பெற்றவர் ஆய்க்குடியில் வயல்காரர். மகளுக்கு நகையைக் குறைத்துக்கொண்டு அந்த வீட்டை அவள் பேருக்கே எழுதிக்கொடுத்தார். மாப்பிள்ளை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் முன்பக்கத்து மூன்று அறைகளையும் சீசனுக்கு வருகிறவர்களிடம் வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேரும் அடுக்களையும் விறகு அறையுமாக இருந்த பின்பக்கத்தில் அடைந்துகொள்வோம். வருகிறவர்களுக்கு அம்மாதான் சமையல். வக்கீல்களும் ஜவுளி வியாபாரிகளும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். பரிமாறும்போது அம்மா வாயே திறக்க மாட்டாள். அடுக்களைக்குள் வந்ததும் சொல்லுவாள்: "அருவியில குளிச்சா பாவம் போகுமாம். இவனுவ பாவம் போகுதோ என்னவோ, நம்ம அரிசில்லா போகுது."

வரி என்ற சொல்லை அவள் கெட்ட வார்த்தை மாதிரிதான் உச்சரிப்பாள். வீட்டு வரிக்கு ஆள் வந்தாலும் சரி, நிலத் தீர்வைக்குக் கிராம முன்சீப் தலையாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, வெயிலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள். அருவியைச் சர்க்கார் வெட்டினதா? சாரலை அவர்கள் தபாலில் அனுப்புகிறார்களா? மழைக்கு மட்டும் ஏன் இன்னும் வரி போடவில்லை தெரியுமா, அதை அளக்க அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பாள். முன்சீப் சாதுவான மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே நிற்பார். பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனால் வழியில் எல்லைச் சாவடி வரும். அதற்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. புகையிலை ஒளித்து வைத்திருக்கிறோமா என்று சாவடிச் சேவகன் எங்கள் துணி மூட்டையைக் கம்பால் குத்திப் பார்ப்பான். இங்கே ஒரு ராஜா, அங்கே ஒரு ராஜா, ரெண்டு பேருக்கும் கை மட்டும் ஒரே நீளம் என்று அவன் காதில் விழும்படியே அம்மா சொல்லுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஊர் மெச்சிய வீரர். முதல் யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர் என் அப்பா. இடது முழங்காலில் அடிபட்டு, நொண்டிக்கொண்டு, ஒரு மெடலோடு திரும்பினார். அந்த நொண்டலை ஊர் குண்டடி என்றது. கடைத்தெருவில் அவரைப் பட்டாளத்து அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காப்பி குடித்தால் கடைக்காரன் காசு வாங்கத் தயங்குவான், இவரும் வற்புறுத்த மாட்டார். அவருடைய வீரத்தை மெச்சிச் சர்க்கார் தென்காசிக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்தது. அதில் மண் என்று சொல்லத்தக்கது பாறை இடுக்குகளில் மட்டும் இருந்தது. முதல் சில வருஷம் தீர்வை இல்லை. பிறகு அதற்கும் தீர்வை வந்தது. வீரத்துக்குப் பாறையைக் கொடுத்தான், பாறைக்கு வரியையும் போட்டான், பேஷ் என்றாள் அம்மா.

அப்பாவுக்கென்று நிலையான வேலை எதுவும் இருந்ததில்லை. சீசனில் தென்காசிச் சந்தையிலிருந்து காய்கறி வாங்கி வருவார், குடி வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார். அவர்கள் யுத்தக் கதை கேட்பார்கள். பஸ்ராவின் ஆறு, பேரீச்ச மரங்கள், தண்ணீர்ப் பையே கொதித்துப்போகிற வெயில், இதையெல்லாம் நன்றாகச் சொல்லுவார். முழங்காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் அதைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். பெரிய மனிதர்கள் தங்கள் காயத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் நான் மதித்தது அந்தக் குண்டு ஒன்றைத்தான். அம்மா அதற்கும் உதட்டைப் பிதுக்குவாள். யாரோ ரெண்டு ராஜாக்களுக்குத் தகராறு, நடுவில் போய்க் காலைக் கொடுத்துவிட்டு வந்தால் அதற்குப் பேர் வீரமா, புத்திகெட்டதனமா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

குடும்பம் என்பதைப் பற்றியும் அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஒரே பானைச் சோற்றைத் தின்றுவிட்டு ஒருவரை ஒருவர் கரித்துக் கொட்டுகிறதற்குப் பேர்தான் குடும்பமாம். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடமே இதைச் சொல்லியிருக்கிறாள்.

என் அண்ணன் எனக்கு மூன்று வயது மூத்தவன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தென்காசியில் ஒரு புளி மண்டியில் சேர்ந்தான். மூட்டைகளைத் தராசில் ஏற்றி நிறுத்து எடையை எழுதுகிற வேலை. மாதம் ஒன்பது ரூபாய். காலையில் மூன்று மைல் நடந்து போவான், சாயங்காலம் மூன்று மைல் நடந்து வருவான், வரும்போது அவன் சட்டையிலிருந்து புளி வாசனை அடிக்கும். ஒல்லியாக இருப்பான். சாப்பாட்டில் பிடித்தம் இல்லாமல், இலையில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவான். யாரையும் பழித்து அவன் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவன் எப்படிப் பிறந்தான் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அந்த ஒன்பது ரூபாயை அம்மா விட்டு வைக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் அடுத்தவன் மூட்டைக்கு முட்டுக்கொடுக்கிறவன் என்பது அவள் கட்சி. நிலத்துக்காரன் மகளல்லவா. சரி, சம்பளம்தான் வாங்குகிறான், அதையாவது ஒழுங்காக வாங்கக்கூடாதா என்று அடுத்த வாக்கியத்தில் ஆரம்பிப்பாள். அவளுடைய அண்ணன் மகன் ஒரு மில்லில் மேஸ்திரி. அவன் சம்பளத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் அடுக்களையில் சொல்லியாக வேண்டும். ஒன்பது ரூபாய்க்கு ஒரு ஆம்பிளையா, பூனைக்குப் பால் ஊற்றக்கூட அது காணாது என்பாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அண்ணன் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பான். அவனுக்கு உறைக்கவில்லை, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று நானும் அம்மாவும் தீர்மானித்து வைத்திருந்தோம்.

இரண்டாவது யுத்தம் வந்ததும் சீசன் படுத்தது. அரிசி கிடைக்கவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை, வக்கீல்கள் தங்கள் பாவத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் ஆனி பிறந்தும் முன்பக்கத்து அறைகள் பூட்டிக் கிடந்தன. மாதக் கடைசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஒரு ஜமேதாரும் அவருடைய எழுத்தரும் இரண்டு சிப்பாய்களும் வந்து வீடு கேட்டார்கள். ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர் அந்த ஜமேதார். தென்காசியில் இருக்க வேண்டியவர், அருவிக்கு ஆசைப்பட்டுக் குற்றாலத்தில் ஜாகை தேடினார். அம்மா வாடகையை ஒன்றரை மடங்காகச் சொன்னாள். சரி என்றார். வந்திருக்கிறவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துதான் அவள் சம்மதித்தாள். "நாய் வித்த காசு குலைக்கவா செய்யும்?" என்று என்னிடம் சொன்னாள்.

வந்த மூன்றாம் நாளே ஜமேதார் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டியிலிருந்து பழைய காக்கிக் கோட்டு வெளியே வந்தது, மெடல் குத்தப்பட்டது. முன்கூடத்தில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தார்கள். மேலகரத்திலிருந்தும் பண்பொழியிலிருந்தும் வேலை இல்லாத வாலிபர்கள் வந்து அவருடைய காலைப் பார்த்துவிட்டு, மெடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றார்கள். தேறுகிற ஆளுக்கு இவ்வளவு என்று அப்பாவுக்கு ஏதோ கொடுத்தார்கள். ஆட்டுத் தரகுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டாள். இருபது வருஷமாக ஏச்சு மட்டுமே கேட்ட மனிதருக்கு நாற்காலி போட்டால் அவர் உட்காராமல் என்ன செய்வார்?

ஆளை எடை போட ஜமேதாரிடம் மெஷின் இல்லை. எங்கேயோ ரயிலில் உடைந்துவிட்டதாம். அதனால் அண்ணனுடைய மண்டியிலிருந்து புளி நிறுக்கிற தராசு வந்தது, கூடவே வாரம் இரண்டு நாள் அண்ணனும் வந்தான். கூடத்து உத்தரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தட்டில் ஆளை உட்கார வைத்து, மறு தட்டில் ராத்தல் கல்லாக அடுக்குவான். பவுண்டை நாங்கள் ராத்தல் என்றுதான் சொல்லுவோம். இத்தனை ராத்தலுக்குக் குறைந்தால் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள். குறைகிறவர்கள் சந்தையில் வாழைப்பழச் சீப்பு வாங்கி ஒரே மூச்சில் தின்றுவிட்டு, ஓடையில் வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நடக்க முடியாமல் நடந்து வருவார்கள். ஒருவன் தராசுத் தட்டிலேயே வாந்தி எடுத்தான். கழுவினது நான். புளியை நனைத்து எடை கூட்டுகிற மாதிரி மனுஷனை நனைத்து எடை கூட்டுகிறான் என்று அடுக்களையிலிருந்து அம்மா சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது. ஜமேதார் அதை ரசித்துச் சிரித்தார். அவருக்கு வேண்டியது எண்ணிக்கை.

ஆடி பிறந்த சமயத்தில் அண்ணனுக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது.

இலையில் ஒதுக்குகிறவன் இன்னொரு தடவை சோறு கேட்டான். காலையில் வெறும் நீராகாரம் குடித்துவிட்டு ஓடுகிறவன் உட்கார்ந்து, இருக்கிறதைப் போடும்மா என்றான். அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாலு நாள் பார்த்தாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குற்றாலத்தில் யாருக்குப் பசித்தாலும் பேர் அருவிக்குத்தான் போகும். சாரல் மூலிகைக் காற்றைக் கொண்டு வருகிறது, அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் செத்த பசியும் எழுந்திருக்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வருஷக்கணக்காக, அருவியில் போய் நில்லுலே என்று அவள் அவனை விரட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவன் தினமும் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். புளித்தூசி நெஞ்சில் அடைத்திருந்தது, அருவி அதைக் கழுவிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். வாழ்க்கையில் அவள் மெச்சிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு மாதம் அந்த அருவியைத்தான்.

விடிவதற்கு முன்னால் எழுந்து உளுந்தங்களி கிண்டுவாள். கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பாள். அரிசி தட்டுப்பாட்டுக் காலம், ஜமேதாருக்கு என்று வந்த அரிசியில் ஒரு ஆழாக்கு எப்படியோ எங்கள் பானைக்கு வந்துவிடும். ஆய்க்குடியிலிருந்து நெய் வந்தது. நேந்திரம்பழத்தை அவித்து அவனுக்கு மட்டும் கொடுப்பாள், நான் பார்த்தால் முறைப்பாள். அவன் சாப்பிடுகிறபோது எதிரே உட்கார்ந்து கொள்வாள். அப்போதும் வாய் சும்மா இருக்காது. மாடு மாதிரித் திங்கான், ஒம்போது ரூபாயில் இதுக்குத் தவிடுகூட வாங்க முடியாது என்பாள். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள். அவனும் வேண்டாம் என்று சொல்லாமல், கண்ணில் தண்ணீர் வர விழுங்குவான். ஒரு நாள் கிணற்றடியில் குனிந்து நின்று தொண்டைக்குள் வந்ததைத் திரும்ப விழுங்கினதை நான் பார்த்தேன். பேராசை என்று நினைத்தேன்.

ஆவணி பிறக்கப் போகிற சமயம், ஒரு மத்தியானம் ஜமேதார் அடுக்களை வாசலுக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் பின்பக்கம் வந்ததே இல்லை. அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவர் சந்தோஷமாக இருந்தார். ஆடி முதல் வாரத்தில் உங்கள் மகன் தானே தராசில் ஏறிப் பார்த்தான், ஐந்து ராத்தல் குறைந்தது, ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தேன், இன்றைக்கு ஏற்றினால் இரண்டு ராத்தல் கூடவே இருக்கிறான், மார்பும் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். பிறகு சொன்னார்: "எல்லாம் உங்க கைச் சாப்பாடும்மா."

அம்மாவின் கையில் அகப்பை இருந்தது. அதை அடுப்பின் மேல் வைக்கிறேன் என்று தரையில் போட்டாள்.

ஜமேதார் போன பிறகு அவள் அழவில்லை, கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணன் சாயங்காலம் வருகிறவரை அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்து, தேவைக்கு மேல் நாலு மடங்கு காய் நறுக்கினாள். அப்பாவைக் கூடத்திலிருந்து கூப்பிட்டுவரச் சொன்னாள். அவர் கோட்டோடு வந்து கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். அண்ணன் வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, அவனை எதிரே நிறுத்தினாள். அவள் பார்வையில் குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் அப்பாவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டின நாற்காலி சொந்தப் பிள்ளைக்கும் ஆசை காட்டிவிட்டது.

"ஏலே, இவுக கால்ல பாஞ்சது குண்டுன்னு நெனைச்சிட்டுத்தான போறே?" என்றாள் அம்மா. "கேட்டுக்கோ. குண்டும் இல்ல, சண்டையும் இல்ல. மூட்டை ஏத்தும்போது கோவேறு கழுதை ஒதைச்சுது. கல்யாணம் ஆன வருசம் என்கிட்ட சொன்னாக. இருவது வருசமா இதை நான் வெளிய விடல. ஊரே சிரிச்சிரும்னு வச்சிருந்தேன்."

நான் மதித்த ஒரே ஒரு பொருள் என் கண்ணெதிரே கழுதையாகிவிட்டது. அப்பா தலை நிமிரவில்லை. அவருடைய விரல்கள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. அவரை எட்டி உதைக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அண்ணன் சாதாரணமாகத்தான் பேசினான்.

"எனக்குத் தெரியும்மா. நான் மொத நாள் தராசுல ஏறினேன்லா, அன்னைக்கே அப்பா என்னை ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போயிச் சொல்லிட்டாக. கழுதை ஒதைச்சதையும் சொன்னாக, ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்ததையும் சொன்னாக. போகாதலேன்னு அழுதாக. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை அவள் அப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் குண்டு. அதை மகன் காலடியில் போட்டுக் கெஞ்சியிருக்கிறார். நான் உதைக்க நினைத்த மனிதர் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே அப்படிக் கெஞ்சித் தோற்றிருந்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பொறவு ஏம்லே போறே?" என்று கேட்டாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"நான் சம்பளம் கொண்டாந்தா நீ என்னைக்காவது கையில வாங்கியிருக்கியாம்மா? அங்கன வைன்னு தரையைத்தான காட்டுவே. பட்டாளத்துல பதினெட்டு ரூவா தாரான், சோறும் துணியும் போட்டு. அதையாவது கையில வாங்குவேல்லா."

அவன் குத்திக்காட்டுகிறதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் பக்கத்தில் மகன் சம்பளம் கொண்டுவந்தால் தாய் கையை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான். என் அம்மா மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் முகத்தைத் திருப்பாமல் புறங்கையால் தரையைக் காட்டினாள். அவன் குனிந்து வைத்துவிட்டுப் போவான். பொறுக்கி எடுத்து மிளகு டப்பாவில் போட்டது நான். சில மாதம் சிரித்துக்கொண்டே பொறுக்கினேன்.

மறுநாள் காலையில் அம்மா முன்கூடத்துக்குப் போனாள். யார் முன்னாலும் கை கூப்பாதவள் ஜமேதார் முன்னால் கை கூப்பிக்கொண்டு நின்றாள். பேரை அடித்துவிடுங்கள், வாடகை முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறேன், இன்னும் நாலு மாதம் வாடகை இல்லாமல் இருங்கள், சமைத்துப் போடுகிறேன் என்றாள். கையெழுத்து ஆகிவிட்டதும்மா, இனிமேல் அது என் கையில் இல்லை என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சங்கடமாக இருந்தது, எழுந்து அருவிக்குப் போய்விட்டார்.

அண்ணனைத் தென்காசி ஸ்டேஷனில் ரயில் ஏற்ற அப்பாவும் நானும் போனோம். அம்மா வரவில்லை. எட்டு வேளைக்குக் காணும் அளவுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள்ளேயே இருந்துவிட்டாள். அதற்கு முன்னால் போன ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்த அப்பா அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் விடாமல், அந்தக் காலை இழுத்துக்கொண்டு கூடவே ஓடினார். போர்ட்டர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மணியார்டர் மாதா மாதம் தவறாமல் வந்தது. தபால்காரர் நோட்டை நீட்டினால் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதைப் பார்க்க அவன் அங்கே இல்லை. கடிதங்களில் அவன் நன்றாக இருப்பதாகத்தான் எழுதினான். அஸ்ஸாம் பக்கம் ஒரு கிடங்கில் இருந்தான். தராசு தெரிந்தவன் என்பதால் அங்கேயும் அவனுக்கு மாவு மூட்டையும் பருப்பு மூட்டையும் நிறுக்கிற வேலைதான் கொடுத்தார்கள். துப்பாக்கியை ஒழுங்காகப் பிடித்ததுகூட இல்லை என்று ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தான். அம்மா அதை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூட்டை நிறுக்கிறவனை யார் சுடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான். வயிற்றுக்கடுப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், கடைசியில் எதுவும் வயிற்றில் தங்கவில்லையாம். கூட இருந்த வள்ளியூர்க்காரன் ஒருவன் பிறகு எழுதிய கடிதத்தில்தான் இவ்வளவும் தெரிந்தது. சர்க்காரின் காகிதத்தில் அதெல்லாம் இல்லை. தேசத்துக்காக உயிரைத் தியாகம் செய்தான் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவன் பேரை மட்டும் மையால் எழுதியிருந்தார்கள், அதையும் ஒரு எழுத்து தப்பாக.

சில மாதம் கழித்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் கிராம முன்சீப்போடு வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலி கொண்டுவந்து போட்டார். வந்த விஷயம் நல்ல விஷயம் என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். பாறை நிலத்துக்கு இனிமேல் தீர்வை தள்ளுபடி. தாயின் பேருக்கு மாதா மாதம் பென்ஷன் வரும். இதோடு தென்காசியில் யுத்த நிதிக்காக ஒரு கூட்டம் நடக்கப்போகிறது, அதில் வீரர்களைப் பெற்ற தாய்மார்களை மேடையில் உட்கார வைத்து மாலை போடுவார்கள், மேலதிகாரிகள் வருவார்கள், அம்மாவும் வரவேண்டும். மேடையில் வாசிக்க ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி தேவைப்படுகிறது என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

முன்சீப் அம்மாவின் வாயைப் பயந்துகொண்டே பார்த்தார். வழக்கமாக என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அம்மா வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கூட்டத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, தேசத்துக்கு ஒரு வீரனைக் கொடுத்த தாய் என்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

"நான் குடுக்கலைய்யா," என்றாள் அம்மா. "ஒம்போது ரூவா பத்தலைன்னு வெரட்டி விட்டேன். எழுதணும்னா அதை எழுதிக்கிடுங்க."

அவர் எழுதவில்லை.